கொன்றோலரை மாற்றுவதற்கு முன்

கிளிநொச்சிப் பக்கம் பால் தாங்கியோ, குளிரறையோ, பேக்கரிப் போறணையோ, குஞ்சு பொரிக்கிற மெசினோ, எதில் வெப்பம் பிசகினாலும் முதல் பழி முகப்பில் சிவப்பு எண் மின்னுகிற, வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிற சின்னப் பெட்டிக்குத்தான். "தம்பி, கொன்றோலர் பழுதாப் போச்சு, புதுசு ஒண்டு பூட்டி விடுங்கோ" என்றுதான் அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அந்தப் பெட்டி மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும். பிழை சென்சரில் இருக்கும், வயரில் இருக்கும், மின்சாரத்தைப் போட்டு நிறுத்துகிற ரிலேயில் இருக்கும், அல்லது மெசின் வைத்திருக்கிற தகரக் கொட்டிலில் இருக்கும்.

வன்னியில் தொழிற்சாலை என்றால் மூத்தவர்களுக்குப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஆனையிறவு உப்பளமும்தான் நினைவுக்கு வரும். நான் திரிகிற இடங்கள் அவ்வளவு பெரியவை அல்ல. போர் முடிந்து தேசிய மின்வலையமைப்பு இங்கே வந்த பிறகு முளைத்த பாற்சேகரிப்பு நிலையங்கள், அரிசி ஆலைகள், வெதுப்பகங்கள், ஐஸ் ஆலைகள், வீட்டோடு சேர்ந்த கோழிப் பண்ணைகள். ஆனாலும் பெரிய ஆலையில் இருக்கிற கொன்றோலருக்கும் இவற்றில் இருக்கிறதுக்கும் அடிப்படை ஒன்றுதான். சென்சர் சொல்கிற வெப்பநிலையை, நாங்கள் வைத்த அளவோடு ஒப்பிட்டு, ஹீற்றரையோ கொம்பிறசரையோ போடும் அல்லது நிறுத்தும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. வெப்பத்தை உண்டாக்கவும் அதால் முடியாது, இருக்கிற வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டவும் முடியாது.

இதைக் கோழிக்குஞ்சு மெசின் காட்டுகிற மாதிரி வேறொன்றும் காட்டாது. பங்குனி, சித்திரையில் விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாங்குளம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே முறைப்பாடுதான். "37.5 வைச்சனான், 38.6 காட்டுது. நிப்பாட்டவே மாட்டன் எண்டுது." பண்ணை வைத்திருக்கிற ஒரு அக்கா இதே கதையோடு புதுக் கொன்றோலர் ஒன்றையும் கையோடு வாங்கி வைத்திருந்தார். ஹீற்றர் லைற்றைப் பார்த்தேன். அணைந்திருந்தது. அதாவது கொன்றோலர் ஹீற்றரை எப்போதோ நிறுத்திவிட்டது. வெளியே நிழலிலேயே 36 பாகை செல்சியஸ். மெசின் இருந்தது தகரக் கூரைக்குக் கீழே, அங்கே அதற்கும் மேலே. உள்ளே இருக்கிற முட்டைகளில் பாதி பதினெட்டாம் நாளைத் தாண்டியவை. அந்தக் கட்டத்தில் கரு தானே வெப்பம் விடும். ஹீற்றர் இல்லாமலே பெட்டி சூடேறும். வெப்பமூட்ட மட்டும் கம்பி கொடுத்த கொன்றோலர் இந்த இடத்தில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. புதிதாகப் பத்துப் பூட்டினாலும் அதே 38.6 தான்.

அங்கே செய்ததைச் சொல்கிறேன். மெசினைக் கிடுகால் வேய்ந்த, மண்சுவர் உள்ள பக்கத்து அறைக்கு மாற்றினோம். வாயுத் துளைகளை அகலத் திறந்தோம். பிறகு எஸ்.ரி.சி. 1000 என்று எல்லா இலெக்ட்ரிக் கடைகளிலும் கிடைக்கிற சீனப் பெட்டியைப் போட்டோம். அதில் வெப்பமூட்ட ஒரு ரிலே, குளிரூட்ட ஒரு ரிலே என்று இரண்டு வெளியீடுகள் உண்டு. குளிரூட்டும் பக்கத்தில் கொம்பிறசர் எதுவும் இல்லை, வெளிக்காற்றை இழுத்து உள்ளே விடுகிற சின்ன ஃபான் ஒன்றுதான். ஃபான் இழுக்கிற காற்று ஈரச் சாக்கின் ஊடாக வரும்படி வைத்தோம். சோளகம் வீசுகிற காய்ந்த மாதங்களில் இது நன்றாகக் குளிர்விக்கும். மாரியில் சாக்கைக் கழற்றிவிட வேண்டும். அப்போது காற்றே ஈரம், குளிர்வதற்குப் பதில் பெட்டிக்குள் ஈரப்பதம்தான் ஏறும்.

இரண்டு வெளியீடு உள்ள கொன்றோலரில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இரண்டுக்கும் நடுவே விடுகிற இடைவெளி. 37.5 வைத்து, வித்தியாசத்தை 0.3 வைத்தால், 37.2க்கு இறங்கும்போது ஹீற்றர் போடும், 37.8க்கு ஏறும்போது ஃபான் போடும், இரண்டுமே 37.5 வந்ததும் நிற்கும். இடையில் இருக்கிற பகுதியில் எதுவும் ஓடாது. அது வீணான இடம் இல்லை. வேறு சில கொன்றோலர்களில் வெப்பத்துக்கும் குளிருக்கும் தனித்தனி அளவு வைக்கலாம். அங்கே "இறுக்கமா இருக்கட்டும்" என்று இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைத்தவர்களின் மெசினில் ஹீற்றரும் ஃபானும் ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கும். மின்கட்டணம்தான் அதை முதலில் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, எண்ணை நம்பாதீர்கள். 37.5 என்று காட்டுவது சென்சரின் நுனியில் உள்ள வெப்பம். அது ஹீற்றருக்கு நேரே தொங்கினால் முட்டைத் தட்டில் 36 தான் இருக்கும். இதைச் சோதிக்க விலையான கருவி தேவையில்லை. காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தேர்மோமீற்றர் போதும். அது சரியாகக் காட்டுகிற எல்லைக்குள்தான் முட்டைக்கு வேண்டிய வெப்பமும் இருக்கிறது. சென்சர் நுனியோடு சேர்த்து முட்டை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். அரைப் பாகை வித்தியாசம் என்றால் கொன்றோலரில் திருத்த அளவு வைக்கும் இடம் இருக்கும், அதில் சரிக்கட்டலாம். வித்தியாசம் இரண்டு பாகைக்கு மேல் என்றால் திருத்தத்தில் மறைக்காமல் சென்சரையும் அதன் இடத்தையும் பாருங்கள்.

போறணை வேறு உலகம். விறகுப் போறணையில் வேலை பழகியவர்கள் கையை நீட்டியே வெப்பம் சொல்வார்கள். மின்சாரப் போறணைக்கு மாறிய வெதுப்பகங்களில் அந்தக் கையின் இடத்துக்குத் தேர்மோகப்பிள் வந்திருக்கிறது. கே வகைத் தேர்மோகப்பிள் என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்தது, அவ்வளவுதான். இரு முனைகளுக்கும் இடையே ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ற் தரும். இதை நன்றாக மனதில் வையுங்கள்: அது காட்டுவது வித்தியாசத்தை மட்டும். கம்பி வந்து முடிகிற இடத்தின் வெப்பத்தைக் கொன்றோலர் தானே அளந்து அதோடு கூட்டித்தான் முழு எண்ணைக் காட்டுகிறது.

இதனால் என்ன நடக்கும்? போறணையைச் சற்றுத் தள்ளி வைக்கிறார்கள். தேர்மோகப்பிள் வயர் எட்டவில்லை. கையில் இருக்கிற சாதாரண செப்பு வயரில் ஒரு துண்டை முறுக்கி நீட்டிவிடுகிறார்கள். அந்த முறுக்கு போறணையின் முதுகுப்பக்கம், 60 பாகைச் சூட்டில் இருக்கிறது. கொன்றோலர் இருக்கிற பெட்டி 35 பாகையில். இப்போது காட்டுகிற எண் உண்மையைவிட 25 பாகை குறைவு. 220 என்று காட்டும்போது உள்ளே 245. பாணின் மேல்தோல் கருகுகிறது, உள்ளே மாவு வேகவில்லை, கொன்றோலர் மாற்ற ஆள் தேடுகிறார்கள். நீட்டுவதானால் அதே கே வகைக்கான வயரால் நீட்ட வேண்டும். வேறு வழி இல்லை.

வயரின் நிறமும் ஆளை ஏமாற்றும். இங்கே வயரிங் செய்கிறவர்களுக்குச் சிவப்பு என்றாலே உயிர்க்கம்பி அல்லது நேர்முனை. அமெரிக்க முறைக் கே வகை வயரில் மஞ்சள்தான் நேர், சிவப்பு எதிர். ஐரோப்பிய முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர். சிவப்பை நேர்முனையில் பூட்டினால் போறணை சூடேற ஏற எண் கீழே இறங்கும், "இன்னும் காணாது" என்று ஹீற்றர் விடாமல் எரியும். சந்தேகம் வந்தால் ஒரு சின்னக் காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள். கே வகையில் காந்தம் ஒட்டுகிற கம்பிதான் எதிர்முனை. நிறம் உரிந்த, எண்ணெய் பிடித்த பழைய வயரிலும் இது பிழைக்காது.

தேர்மோகப்பிள் அறுந்தால் பெரும்பாலான கொன்றோலர்கள் உடனே கண்டுபிடித்து ஹீற்றரை நிறுத்திவிடும். அறாமல் வழியில் எங்கேயாவது நசிந்து இரண்டு கம்பியும் முட்டிக்கொண்டால்தான் ஆபத்து. அப்போது அந்த நசிந்த இடமே புதுச் சென்சர் நுனி ஆகிவிடும். அது போறணைக்கு வெளியே என்றால் கொன்றோலர் 40 பாகை என்று நம்பி எரித்துக்கொண்டே இருக்கும். இதற்காகத்தான் கொன்றோலரோடு சம்பந்தமே இல்லாத இரண்டாவது தேர்மோஸ்ராற் ஒன்றை, ஹீற்றருக்கு மின்சாரத்தைப் போட்டு நிறுத்துகிற பெரிய சுவிச்சான கொன்ராக்ரரின் சுருளோடு தொடராகப் பூட்டச் சொல்லி எல்லா இடத்திலும் தொண்டை வறளக் கத்துகிறேன். வேலை வெப்பத்தைவிட 30, 40 பாகை மேலே வைத்தால் போதும். குஞ்சு மெசினுக்கு 38.5. முட்டைக்குச் சற்று நேரக் குளிர் பெரிய கேடில்லை. 39, 40க்கு மேல் மணிக்கணக்கில் நின்றால்தான் கரு சாகும்.

பி.ஐ.டி. (PID) என்கிற கட்டுப்பாட்டு முறை பற்றிக் கேட்காத ஆள் இல்லை. போட்டு நிறுத்துகிற சாதாரண முறையில், 220 வந்ததும் ஹீற்றர் அணையும், ஆனால் ஹீற்றருக்குள்ளும் செங்கல்லுக்குள்ளும் தேங்கிய வெப்பம் 235 வரை ஏற்றிவிடும். பிறகு இறங்கும்போதும் அப்படியே கீழே போகும். பி.ஐ.டி. இதைக் குறைக்கிறது. முதல் எழுத்தின் வேலை, அளவை நெருங்க நெருங்க வலுவைக் குறைப்பது. அப்படிக் குறைக்கிற எல்லைக்கு 20 பாகை அகலம் வைத்தால் 200 வரை முழு வலு, 210இல் பாதி வலு. பாதி வலு என்றால் ஹீற்றர் மங்கி எரிவதில்லை. 20 விநாடிச் சுற்றில் 10 விநாடி எரியும், 10 விநாடி அணையும். இது மட்டும் இருந்தால் ஒரு குறை உண்டு: போறணை தன் வெப்பத்தைத் தக்கவைக்க 30 சதவீத வலு வேண்டுமென்றால், அது 214இல் போய் நின்றுவிடும், 220க்கு வராது. அந்த மிச்சம் 6 பாகையைப் பொறுமையாகக் கூட்டிக் கூட்டி நிரப்புவது இரண்டாவது எழுத்து. மூன்றாவது, வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே கையை இழுப்பது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்க வேண்டும் என்று தெரிந்த பஸ் டிரைவர் கோயில் தெரியுமுன்னே அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கிற மாதிரி.

இந்த மூன்று எண்களையும் யாரும் தலையால் கணக்குப் பார்த்து வைக்கத் தேவையில்லை. தானே பழகிக்கொள்ளும் வசதி அநேகமாக எல்லாப் பி.ஐ.டி. பெட்டியிலும் இருக்கிறது. அதை அமர்த்தினால் பெட்டி வேண்டுமென்றே வெப்பத்தை அளவுக்கு மேலும் கீழும் சில தடவை ஊசலாட விட்டு, அந்த ஊசலாட்டத்தில் இருந்து கணக்கெடுக்கும். அதனால் முட்டை உள்ளே இருக்கும்போது ஒருபோதும் அமர்த்தக்கூடாது. போறணையில் வெறும் வயிற்றோடும் செய்யாதீர்கள், வழமையான சுமையோடு செய்தால்தான் அந்த எண்கள் உதவும். பால் தாங்கிக்கும் குளிரறைக்கும் பி.ஐ.டி. வேண்டும் என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்வேன். கொம்பிறசர் விநாடிக் கணக்கில் போட்டு நிறுத்துகிற சாமான் இல்லை.

பி.ஐ.டி. அடிக்கடி போட்டு நிறுத்துவதால் ரிலேயின் முனைகள் சீக்கிரம் தேயும். அதனால்தான் பக்கத்தில் எஸ்.எஸ்.ஆர். என்கிற, அசையும் பாகம் இல்லாத திண்மநிலை ரிலே வைக்கிறார்கள். நல்ல சாமான், ஆனால் அதுவும் சூடாகும். ஒரு அம்பியருக்கு ஒரு வாற்றுக்குச் சற்று மேல் என்று வையுங்கள். 3 கிலோவாற் ஹீற்றருக்கு 13 அம்பியர், அப்படியென்றால் ஏறத்தாழ 15 வாற் அந்தச் சின்னத் துண்டுக்குள். கீழே வெப்பம் கடத்துகிற அலுமினியத் தட்டும் பசையும் இல்லாமல், தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் வைத்தால் 25 அம்பியர் என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமில்லை. கெடும்போது அது பெரும்பாலும் மின்சாரத்தை விடாமல் கடத்துகிற நிலையிலேயே கெடும். கொன்றோலர் "நிறுத்து" என்கிறது, வெளியீட்டு லைற் அணைந்திருக்கிறது, ஹீற்றர் மட்டும் எரிகிறது. அந்தக் காட்சியைக் கண்டால் கொன்றோலரைத் தொட வேண்டாம், எஸ்.எஸ்.ஆரை மாற்றுங்கள். அதைச் சோதிக்கும்போது ஹீற்றரைக் கழற்றிவிட்டு மல்ரிமீற்றரை மட்டும் வைத்தால், நல்ல எஸ்.எஸ்.ஆரும் 200 வோல்றுக்கு மேல் காட்டும். உள்ளே கசிகிற சிறு மின்னோட்டம் அது. பழைய குண்டு பல்ப் ஒன்றைச் சுமையாகப் பூட்டிப் பாருங்கள், உண்மை தெரியும்.

பால் தாங்கியில் 4 பாகைதான் வேதம். கறந்த பால் இங்கத்தைய வெயிலில் மோட்டார்சைக்கிளில் வந்து சேரும்போது ஆறியிருக்காது, நேரம் போகப் போக பக்ரீரியாக்கள் பெருகும். ஒரு நிலையத்தில் 4 என்று காட்டும்போதே தாங்கியின் அடியில் பால் பனிக்கட்டி பிடித்தது. சென்சர் பி.ரி.100, அதாவது 0 பாகையில் 100 ஓம், பாகைக்கு 0.385 ஓம் கூடும். இதற்கு மூன்று வயர் தருவது, வயரின் சொந்தத் தடையைக் கழித்துவிடத்தான். அங்கே யாரோ இரண்டு வயரால் 30 மீற்றர் இழுத்திருந்தார்கள். மெல்லிய வயரில் போக வர ஒன்றரை ஓம் வரும், அது ஏறத்தாழ 4 பாகை. காட்டியது 4, உண்மை 0. மூன்றாவது வயரை இழுத்ததோடு சரி. அடியில் பிடிக்கிற பனிக்கட்டிக்கு வேறு காரணமும் உண்டு: கலக்குகிற மோட்டர் நின்றிருக்கும், அல்லது பால் துடுப்புக்கு எட்டாத அளவு குறைவாக இருக்கும்போதே குளிரூட்டியைப் போட்டிருப்பார்கள்.

கொம்பிறசருக்கு வைக்கிற தாமதத்தை யாரும் பூச்சியமாக்க வேண்டாம். நின்ற உடனே மறுபடி போட்டால், ஒரு பக்கம் உயர் அழுத்தம் இறங்காமல் நிற்க, மோட்டர் சுற்ற முடியாமல் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில் இந்தத் தாமதம் வைத்தவர்களின் கொம்பிறசர் தப்பியது. கரண்ட் வந்ததும் ஊரில் உள்ள எல்லாக் குளிர்சாதனமும் ஒரே நேரத்தில் எழும்ப, வோல்ற்றேச் விழுந்துகிடக்கும். அந்த நேரத்தில் புறப்படுகிற மோட்டர்தான் எரியும். மின்வெட்டுக் குறைந்த பிறகு "பால் குளிரச் சுணங்குது" என்று தாமதத்தை எடுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

நெல் உலர்த்தி பற்றிச் சுருக்கமாக. காலபோக அறுவடை நேரத்தில் ஏ9 வீதியோரம் நெல் காயப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள், மழை குறுக்கிட்டால் உலர்த்திதான் கதி. விதைநெல்லுக்கு 43 பாகைக்கு மேல் போனால் முளைதிறன் போகும். சென்சர் நெல்லுக்கு நடுவே இருந்தால், நெல் 43 ஆவதற்குள் சூடான காற்று வருகிற வாயில் நெல் வெந்துவிடும். விதைக்குக் காற்று நுழைகிற வாயில் வையுங்கள்.

முல்லைத்தீவுக் கரையோர ஐஸ் ஆலைகளில் "வெப்பம் இறங்குதில்லை, கொம்பிறசர் நிக்குதில்லை" என்றால் நான் முதலில் கேட்பது ஐஸ் அச்சுகள் அமிழ்ந்திருக்கிற உப்புநீரின் செறிவை. உப்புக் குறைந்தால் குளிர்க்குழாயைச் சுற்றிப் பனிக்கட்டி போர்வை பிடிக்கும், குளிர் வெளியே வராது, -10 என்று வைத்தது கனவாகவே இருக்கும்.

கொன்றோலர் உண்மையிலேயே சாகிற காலமும் உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் அடித்த மறுநாள் என் போன் ஓயாது. அந்த நேரம் மெயினை நிறுத்துவதோடு சென்சர் வயரையும் கழற்றி வையுங்கள். வெளியே நீளமாக ஓடுகிற சென்சர் வயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். இப்போதே, பெட்டி உயிரோடு இருக்கும்போதே, அதன் ஒவ்வொரு அமைப்பையும் போனில் படம் எடுத்து வையுங்கள். புதுப் பெட்டி தொழிற்சாலையில் இருந்து பெரும்பாலும் கே வகைச் சென்சருக்கும் வெப்பமூட்டலுக்குமாகத்தான் அமைத்து வரும். அதை அப்படியே பால் தாங்கியில் பூட்டினால், பால் குளிர்ந்த பிறகு கொம்பிறசர் ஓடும், பால் சுட்டால் நிற்கும்.